இடது காதுக்குப் பின்னால் ஒரு சத்தம்

காரில் நான் தனியாகப் போகும்போதெல்லாம் இடது காதுக்குப் பின்னால், ஒரு முழத் தொலைவில், யாரோ தீப்பெட்டியைக் குலுக்குவது போன்ற ஒரு சத்தம் ஒன்றரை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல தார்ச் சாலையில் அது வராது. ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்குப் போகும் வழியில், காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிப் பிரியும் கிராமச் சாலைகளில், மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் போகும்போது மட்டும் வரும். பாம்பு போன தடத்தில் வெட்டிய வாய்க்கால் என்று எங்கள் ஊரில் கதை சொல்வார்கள். கரையோரச் சாலையும் அப்படியே வளைந்து வளைந்து, ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி கிடக்கும். அந்த ஒரு சத்தத்தைப் பிடிக்கப் போய், அதற்கு முன்னால் வரிசையில் நின்ற வேறு பல சத்தங்களைத் தீர்த்துவிட்டுத்தான் அதனிடம் போய்ச் சேர முடிந்தது.

கார் 1999 இல் ஜப்பானில் செய்யப்பட்டது. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை. வெளிநாட்டு வேலையை முடித்துத் திரும்பிய ஒருவர் தன்னுடன் கொண்டுவந்து, பிறகு விற்க நினைத்தபோது நான் வாங்கினேன். எந்த நிறுவனத்தின் கார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை; இருபத்தைந்து வயதான ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கம்பெனிப் பெயர் தெரியாது. மஞ்சள் மண்டி நடத்துகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்டவர்களுக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

கூரையில்லாத கார் ஏன் அதிகம் சத்தம் போடுகிறது என்பதை ஒரு மைசூர்பாகுப் பெட்டியை வைத்தே புரிந்துகொள்ளலாம். மூடி போட்ட பெட்டியை இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் விறைத்து நிற்கும். மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் கைக்கு இசைந்து வளையும். உலோகக் கூரை உள்ள காரில் அந்தக் கூரையும் சேர்ந்துதான் உடலை முறுக விடாமல் பிடித்திருக்கிறது. அது இல்லாத காரில், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் இம்மியளவு முறுகித் திரும்புகிறது. கதவும், கண்ணாடியும், டேஷ்போர்டும், கூரையின் கொக்கியும் ஒன்றோடொன்று உரசியும் இடித்தும் கொள்கின்றன. புதிதாக இருக்கும்போது இடையிலுள்ள ரப்பர் அந்த அசைவை வாங்கிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊர் வெயிலில் நின்ற ரப்பர் எத்தனை நாள் மெத்தென்று இருக்கும்?

முதலில் நான் செய்தவை எல்லாம் தவறுகள். எங்கே சத்தம் கேட்டதோ அங்கே ஸ்பாஞ்சைத் திணித்தேன். டேஷ்போர்டின் அடியில், கதவின் உள்ளே, இருக்கைக்குப் பின்னால் என்று கையில் கிடைத்த இடுக்கில் எல்லாம் வைத்தேன். சத்தம் ஒரு வாரம் அடங்கியது. பிறகு சுதி மாறித் திரும்பி வந்தது. அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரைக் காட்டினேன். ஒரு சுற்றுக்கூட ஓட்டிப் பார்க்காமல், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நான்கையும் மாற்றினார்கள். முப்பதாயிரத்துக்கு மேல் செலவானது. தீப்பெட்டிச் சத்தம் ஒரு குச்சிகூடக் குறையவில்லை.

இந்த நிலையில்தான் என் மாமனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் பஸ்களில் பலவற்றுக்குக் கரூரில்தான் கூடு கட்டுகிறார்கள் என்பது தெரிந்ததே. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு, வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்களோடு, மலையேறி இறங்கும் ஒரு அலுமினியக் கூட்டைச் சத்தமில்லாமல் கட்ட முயன்ற மனிதருக்கு என் கார் ஒரு விளையாட்டுச் சாமான். கதவைத் திறந்து, நான் திணித்திருந்த ஸ்பாஞ்சை வெளியே இழுத்தார். அது வெயிலில் வெந்து, தொட்டவுடன் மஞ்சள் மாவாக உதிர்ந்தது.

“ஏனுங் மாப்ளே, காருக்குத் தலகாணி தெச்சீங்களா?”

“சத்தம் வருதுங் மாமா.”

“சத்தம் வந்தா அது எங்கிருந்து வருதுன்னு கேக்கோணும். வாயப் பொத்துனா எப்படிச் சொல்லும்?”

அவர் முதலில் செய்யச் சொன்னது காரைக் காலி செய்வது. ஜாக்கி, ஜாக்கியைச் சுற்றும் கம்பி, ஸ்டெப்னி, டூல் பை, முன்பெட்டியில் இருந்த சில்லறை, மூக்குக்கண்ணாடிக் கூடு, கதவுப் பையில் கிடந்த பேனா, சாவிக்கொத்தில் தொங்கிய பழனி முருகன் வரை எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்பினோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது: என்னுடைய சத்தங்களில் இரண்டு, காரைக் காலி செய்தபோதே தெரிந்துவிட்டன. ஜாக்கியை அதன் இருப்பிடத்தில் இறுக்கும் திருகு தளர்ந்திருந்தது. பின்பக்க நம்பர் பிளேட் டிக்கி மூடியின் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தது. திருகைக் கையால் இறுக்கியதும் முதலாவது தீர்ந்தது. பிளேட்டின் பின்னால் நான்கு மூலையிலும் ஒட்டிய பத்து ரூபாய் நுரை டேப்பில் இரண்டாவது தீர்ந்தது.

அதன்பின் ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்ட, அவர் இடப்பக்கம் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய முறை எளிமையானது. ஆனால் அதில் அவசரத்துக்கு இடமில்லை. சத்தம் எங்கே கேட்கிறது என்பதை அவர் கடைசியாகத்தான் கேட்பார். எப்போது கேட்கிறது என்பதே முதல் கேள்வி. எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப மாறினால் அது எஞ்சினும் சைலன்ஸரும் சார்ந்தது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டரை மிதித்து அதை வரவழைக்க முடியும். வேகத்துக்கு ஏற்ப மாறினால் சக்கரம். மேடு பள்ளத்தில் மட்டும் வந்தால் சஸ்பென்ஷனும் உடலும். பிரேக்கை லேசாகத் தொட்டவுடன் நின்றால், பிரேக் பேடு அதன் கூட்டுக்குள் ஆடுகிறது. அதைப் பிடித்திருக்க வேண்டிய சிறு கம்பிச் சுருள் விழுந்திருக்கும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் காதை மட்டும் நம்பிப் போனால் தவறான இடத்துக்குத்தான் போவோம்; ஏனென்றால் தகரத்திலும் குழாயிலும் சத்தம் நன்றாகப் பயணம் செய்து, அகலமான ஒரு பரப்பை அடைந்த பிறகே வெளியே கேட்கிறது. பறையின் சட்டத்தில் தட்டினாலும் தோலில்தானே ஒலிக்கிறது.

சத்தத்தின் சாதியையும் அவர் பிரித்துச் சொன்னார். ‘கடகட’ என்றால் இரண்டு பொருள்களுக்கு இடையே சந்து இருக்கிறது, அவை மோதிக்கொள்கின்றன. இறுக்க வேண்டும் அல்லது சந்தை நிரப்ப வேண்டும். ‘கிறீச்’ என்றால் சந்தே இல்லை, இரண்டும் ஒட்டிக்கொண்டு, வழுக்கி, மறுபடி ஒட்டுகின்றன. அங்கே இறுக்கினால் இன்னும் கத்தும், வழவழப்புக் கொடுக்க வேண்டும் அல்லது இடையில் துணி வைத்துப் பிரிக்க வேண்டும். நான் ஸ்பாஞ்சைத் திணித்தபோது சுதி மாறியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது: கடகடப்பை எடுத்துக் கிறீச்சாக மாற்றியிருந்தேன்.

முதலில் அகப்பட்டது எஞ்சின் சுற்றோடு வந்த சத்தம். சரியாக 2,400 சுற்றில் டேஷ்போர்டின் நடுவிலிருந்து ஒரு ரீங்காரம் வரும். 2,600 இல் போய்விடும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அந்த 80 அதிர்வுக்கு ஒத்து ஆடும் ஏதோ ஒரு தகடு எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள். எஞ்சின் சூடான பத்து நிமிடத்தில் அது மறைந்தது இன்னொரு தடயம். மாமா நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே போய், சைலன்ஸர் குழாயின் மேல் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டில் நிறுத்தினார். தகட்டைப் பிடித்த போல்ட்டைச் சுற்றித் துரு தின்று, ஓட்டை பெரிதாகியிருந்தது. குழாய் சூடேறி விரிந்ததும் தகட்டோடு நெருங்கி அதை அழுத்திக்கொள்ளும், ஆகையால் மௌனம். டேஷ்போர்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

புதுத் தகடு இங்கே கிடைக்காது. ஆனால் எங்கள் பக்கம் மோட்டார், பம்பு சாமான் விற்கும் கடை இல்லாத தெரு உண்டா? குழாய்க்கு ஹோஸ் மாட்டும் எவர்சில்வர் கிளிப் இரண்டை வாங்கி, ஒன்றோடொன்று கோத்து நீளமாக்கி, குழாயையும் தகட்டையும் சேர்த்துச் சுற்றி இறுக்கினோம். சாதாரண கிளிப் அந்தச் சூட்டில் துருப்பிடித்து அறுந்துவிடும், எவர்சில்வர்தான் நிற்கும். மொத்தச் செலவு நூற்றி இருபது ரூபாய்.

அடுத்தது முன்சக்கரத்திலிருந்து வந்த ‘டக், டக்’. இதை மட்டும் நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது காதுக்குத் தொந்தரவு என்பதோடு முடிகிற சத்தம் இல்லை. ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் ஆகிய மூன்றிலிருந்து வரும் எந்தச் சத்தத்தையும் துணி வைத்து அடைக்கக் கூடாது. நான்கு புது ஷாக் அப்சார்பர் போட்டும் போகாத இந்தச் சத்தம், வளைவில் கார் சாயாமல் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பியின் இரு முனையிலும் உள்ள, ஒரு சாண் நீளமே உள்ள லிங்க் ராடிலிருந்து வந்தது. அதன் தலையில் ஒரு பந்து மூட்டு உண்டு. உள்ளே உள்ள கிரீஸ் வற்றி, ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்தால் பந்து ஆடத் தொடங்கும். அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு ராடை அசைத்துப் பார்த்து, ஆட்டம் இல்லை என்றார்கள். ஒரு சக்கரம் மட்டும் தொங்கினால் பார் முறுகி, ராடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற ஆட்டமும் அப்போது மறைந்துவிடும். இரண்டு சக்கரமும் சமமாகத் தரையில் இருக்க, மாமா என்னைக் காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் சர்வீஸ் பிட்டுக்குள் இறக்கி, பந்து மூட்டின்மேல் விரலை வைக்கச் சொல்லி, மேலே நின்று காரைத் தோளால் ஆட்டினார். சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே விரல் நுனியில் அது வந்து தட்டியது. பொரித்த அப்பளத்தின் கனம்கூட இல்லாத ஆட்டம். காருக்குள் அதுதான் சுத்தியல் அடி.

ராடுகளைக் கழற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை அதே ஒர்க்‌ஷாப்பில் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் ஓரத்தில் கிழிந்திருந்தது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் போல்ட்டை முழுவதும் இறுக்கியிருந்தார்கள். உலோகக் குழாயோடு ஒட்டி வார்த்த ரப்பர் புஷ்ஷில், போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அதற்கு ஓய்வு நிலை ஆகிவிடுகிறது. வண்டியைக் கீழே இறக்கியவுடன், கை மேலே எழும்பி, ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு நிற்கும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் இன்னும் முறுகும். எனவே வண்டியின் பாரம் சக்கரத்தின்மேல் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துப் புதுப் புஷ்ஷை ஏற்றிக்கொண்டு வந்து, பிட்டில் காரை நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் நானே இறுக்கினேன். இதைச் செய்ய எந்தப் பெரிய அறிவும் தேவையில்லை, குனிந்து பிட்டுக்குள் இறங்கும் பொறுமை போதும் என்பதனால்தான் எனக்கு அந்த ஒர்க்‌ஷாப்பின்மேல் இன்றும் கோபம்.

கதவுகளின் விஷயம் வேகமாக முடிந்தது. கதவு பூட்டிக்கொள்ளும் வளையத்தின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காரை ஓட்டிப் பார்த்தோம், சத்தம் நின்றது. டேப் மருந்தில்லை, அது சோதனை மட்டுமே. வளையத்தின் திருகுகளைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உள்ளே தள்ளி இறுக்கிய பிறகு டேப்பை உரித்துவிட்டோம். பாதி இறக்கிய கண்ணாடி ஆடியதற்குக் காரணம், அது ஓடும் தடத்தில் இருந்த கம்பளி தேய்ந்துபோனது. அதற்கு மாமா மணிக்கூண்டுப் பக்கம் தையல் சாமான் கடைக்கு என்னை அனுப்பி, வெல்க்ரோ பட்டை இரண்டு மீட்டர் வாங்கிவரச் சொன்னார். கொக்கி உள்ள சொரசொரப்பான பட்டையை ஒதுக்கிவிட்டு, பஞ்சு உள்ள மெத்தென்ற பட்டையை மட்டும் ஒட்டினார். ஜவுளிச் சந்தை உள்ள ஊரில் பிறந்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

துணிக்கூரையின் கிறீச்சுக்கு ஒவ்வொருவர் ஒவ்வொரு எண்ணெய் சொன்னார்கள். கதவையும் கூரையையும் சுற்றியுள்ள ரப்பர் பட்டைகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகை. வெயிலையும் மழையையும் தாங்கும், ஆனால் எஞ்சின் ஆயிலும் சாதாரண கிரீஸும் பட்டால் ஊதிப் பெருத்துக் கெட்டுவிடும். சிலிக்கான் கிரீஸை மட்டும் பனியன் வேஸ்ட்டில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்த்துத் துடைத்தோம். கூரைக் கொக்கிகளை அரைச் சுற்று இறுக்கினோம். அத்தோடு அதுவும் அடங்கியது.

எல்லாம் முடிந்து வாய்க்கால் சாலையில் போனபோது கார் அமைதியாக இருந்தது. தீப்பெட்டிச் சத்தமும் இல்லை. மாமாவைக் கரூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். சோலார் தாண்டுவதற்குள் அது வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார், சத்தம் இல்லை. அவர் இறங்கினார், சத்தம் வந்தது. மூன்று முறை இப்படிச் செய்த பிறகு, அவர் மண்டியிலிருந்து ஒரு மூட்டை மஞ்சள் கொண்டுவரச் சொன்னார். விரலி மஞ்சள் மூட்டையைத் தூக்கி இடது இருக்கையில் வைத்து, பெல்ட் போடாமல் ஓட்டினேன். சத்தம் இருந்தது. ஆகவே காலியான இருக்கை தடத்தில் ஆடுகிறது என்ற என் ஊகம் பொய்யானது. மூட்டையை இறக்கிவிட்டு, வெறும் இருக்கைக்குப் பெல்ட் போட்டு ஓட்டினேன். சத்தம் இல்லை! அப்படியானால் பெல்ட்டின் உலோக நாக்குதான் பிளாஸ்டிக்கில் தட்டுகிறது என்று முடிவு கட்டி, அதில் பனியன் வேஸ்ட்டைச் சுற்றித் தொங்கவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது.

மிச்சம் இருந்தது பெல்ட் வெளியே வரும் வழி மட்டும்தான். இருக்கைக்குப் பின்னால் பெல்ட் சுருள் இருக்கும் தூணுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு; பெல்ட்டை இழுத்து மாட்டும்போது பட்டை அந்த மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, சும்மா இருக்கும்போது விட்டுவிடுகிறது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். மூன்று கிளிப்புகளில் ஒன்றின் தலை மட்டும் மூடியோடு வந்தது. அடுக்கடுக்காகப் பல் வைத்த அதன் தண்டு ஓட்டைக்குள்ளேயே நின்றது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய நைலான் பழைய பல்லைப் போல மஞ்சளித்து, நகத்தால் அழுத்தியதும் உப்புக்கல் மாதிரி உடைந்தது. அதே ஓட்டை அளவுக்கு, நம் ஊர்ச் சின்னக் கார்களின் கதவு அட்டைக்குப் போடும் கிளிப் சரியாகப் பொருந்தியது. விலை ஐந்து ரூபாய். மற்ற இரண்டும் எந்த நேரமும் உடையும் என்பதால் மூன்றாக வாங்கிப் போட்டேன்.

மூட்டையிலிருந்து சிந்திய மஞ்சள் தூள் இருக்கைத் தையலில் இன்னும் இருக்கிறது. வெயிலில் நின்ற காரைத் திறந்தால் மண்டிக்குள் நுழைவது போல வாசனை வருகிறது.

அன்று மாலை கரூர் வரைக்கும் அவரை நானே கொண்டுபோய் விட்டேன். கொடுமுடி தாண்டிக் கூரையை மூடிக்கொண்டு போனோம். ஒரு சத்தம் இல்லை. புகழூர் வரும் முன்பு மாமா தலையைப் பின்பக்கம் சாய்த்தார்.

“மாப்ளே, அறுவதுல போறப்ப பின்னால சன்னமா ஊளையுடுதே, கேக்குதுங்களா?”

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஊளை நின்றது. மிதித்தேன், வந்தது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, டிபரன்ஷியல். இத்தனை நாளும் இருந்திருக்கும், மற்றவற்றின் இரைச்சலில் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ஆயிலை வடித்துப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். இரண்டு லிட்டர் 75டபிள்யூ-90 கியர் ஆயில் வாங்கி வைத்துவிட்டேன்.